பெயிண்ட் அப்புறம்... முதலில் பிரேக்! - அப்புச்சியின் லாரி சொன்ன பாடம்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் பெண் பார்க்கப் போனால், "எத்தனை ஏக்கர்?" என்பதோடு, "எத்தனை வண்டி ஓடுது?" என்றும் கேட்பார்கள். எங்கள் அப்புச்சிக்கு ஓடியது ஒரே வண்டி. அந்தப் பழைய டாடா லாரி பல வருடங்களாகக் களத்து ஓரம் வேப்ப மரத்தடியில் நிற்கிறது.

அதைத் திரும்ப ஓட்ட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றி சேகோ ஆலைக்கு அனுப்பலாம் என்பது கணக்கு. பெயிண்ட் நிறம்கூடத் தேர்வு செய்துவிட்டார். நாமக்கல் பட்டறை மெக்கானிக்கோ, வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெயிண்ட் அப்புறம் அடிச்சுக்கலாமுங்க. ஓடுறது பெருசில்ல. மொதல்ல நிக்குதான்னு பார்ப்போம்."

பெடலை மிதித்தார். பஞ்சு மாதிரி உள்ளே போனது.

"பாத்துக்க அம்மிணி, பிரேக் பெரும்பாலும் திடீர்னு போறதில்ல. முன்னாடியே சொல்லும். நாமதான் கேக்கறதில்ல" என்றவர், என் நோட்டில் எழுத வைத்தது இது:

* பெடல் பஞ்சு மாதிரி இருந்தால்: பிரேக் ஆயில் போகும் பைப்பில் காற்று புகுந்திருக்கும். ஏர் எடுக்க வேண்டும்.
* மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால்: மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ ஆயில் கசிகிறது.
* வண்டி ஒரு பக்கமாக இழுத்தால்: ஒரு சக்கரத்தின் வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம்.
* சமவெளியில் நன்றாகப் பிடித்து, மலை இறக்கத்தில் பிடிக்காவிட்டால்: சூடு.

கடைசி வரியை எழுதும்போது மாமா அமைதியாகிவிட்டார். அப்புச்சி ஒருமுறை தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், லாரியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியவர். அம்மிச்சியிடம் அதைப் பல வருடம் சொல்லவே இல்லை.

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் அந்த இறக்கத்தில் இன்றும் விபத்துகள் நடக்கின்றன. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அடுத்தடுத்து வாகனங்கள் மோதி உயிர்கள் போனதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

இறக்கத்தில் என்னதான் நடக்கிறது? ஓடும் வண்டியின் வேகத்தை பிரேக் சூடாக மாற்றுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தும்போது உண்டாகும் சூடு நான்கு மடங்கு. விடாமல் மிதித்தால் டிரம் கொதித்து, லைனிங் பிடிப்பை இழக்கும். பழைய ஆயிலாக இருந்தால் இன்னும் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகிவிட்டால், மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினால், வண்டியை இழுத்துப் பிடிக்க இன்ஜினும் இல்லை.

சரி, எங்கள் லாரிக்கு என்ன செய்தார்கள்?

எல்லா ரப்பர் ஹோஸும் மாறின. ஆயில் முழுக்கப் புதிது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும் என்பதால், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார்கள். அது நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. புது லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது. முக்கியமான மாற்றம் மாஸ்டர் சிலிண்டர்தான். பழையதில் ஒரே இணைப்பு. ஒரு பைப் வெடித்தால் நான்கு பக்கமும் போச்சு. புதியதில் முன்னும் பின்னும் தனித்தனி. ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும்.

"முழு ஏர் பிரேக்கே போட்டுடலாமே?" என்றார் மாமா. அதில் காற்றழுத்தம் மிகவும் குறைந்தால் ஸ்பிரிங் தானாகவே பின் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்ப்ரசர், டேங்க், வால்வு, ஆக்சில் என்று எல்லாமே மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. எதைச் செய்வதானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

"காட்டுக்கும் ஆலைக்கும் ஓடற வண்டிக்கு இது போதுமுங்க. மலைக்கு மட்டும் ஏத்தாதீங்க" என்றார் மெக்கானிக். மாமாவும் ஒப்புக்கொண்டார்.

பட்டறைக்கு வெளியே காலியான ரோட்டில் முதல் சோதனை. மெதுவாக ஓட்டி மிதித்தார். நேராக நின்றது. பாரம் ஏற்றி இன்னொரு முறை பார்த்த பிறகே கிழங்கு ஏற்றுவதாகத் திட்டம்.

இரவு அம்மிச்சிக்கு போன் போட்டோம். வண்டிக்கு என்ன நிறம் அடிக்கப்போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. "நிக்குதா?" என்றுதான் கேட்டார்.

உங்கள் வீட்டு வண்டி எதுவானாலும், நாளைக் காலை கிளப்பும் முன் ஒருமுறை பெடலை மிதித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால், பட்டறைக்குப் போன பிறகுதான் மற்ற வேலை.