ஓட்டு எண்ணும் நாளில் மவுஸிலிருந்து கையை எடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் சில மாதங்களிலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் இருந்தபடியே ஷேர் வாங்கி விற்கலாமாமே, எப்படி?" தேர்தல் நெருங்கினால் இன்னொரு கேள்வியும் சேர்ந்து கொள்ளும். "ரிசல்ட் வருவதற்கு முன் வாங்குவதா, வந்த பின் வாங்குவதா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். டீமேட் கணக்கு, டிரேடிங் கணக்கு, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். இரண்டாவது கேள்விக்கு என் பதில் பலருக்குப் பிடிக்காது. அந்த ஒரு நாளில் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஏன் என்று பார்ப்போமா?

வீட்டுக்கு வந்த வேகம்

மும்பையில் பங்குச் சந்தை என்றால் ஒரு காலத்தில் தரகர்கள் கூடி நின்று விலையைக் கூவும் இடமாக இருந்தது. 1994ல் தேசிய பங்குச் சந்தை கம்ப்யூட்டர் திரை வழி வர்த்தகத்தைத் தொடங்கியது. 2000ல் இன்டர்நெட் வழியாகவும் வாங்கி விற்கலாம் என்று ஆனது.

அதற்கு முன் பங்கை விற்க நினைத்தால் தரகருக்குப் போன் செய்ய வேண்டும். லைன் கிடைக்காது, கிடைத்தாலும் அவர் நாலு வார்த்தை பேசுவார். அதற்குள் நம் பதற்றம் பாதி அடங்கிவிடும். இப்போது இரண்டு மூன்று கிளிக்கில் பல ஆண்டுச் சேமிப்பை விற்றுவிடலாம். இந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதறிய மனதையும் பரபரப்பான டி.வி.யையும் மவுஸையும் ஒரே மேஜையில் வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

ஐந்து தேர்தல்கள், ஐந்து வரிகள்

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் தொகுப்பைத் திறந்து கொள்ளுங்கள். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் தேதி, முந்தைய முடிவு, அன்றைய முடிவு, சதவீதம் என்று நான்கு தலைப்புகளை இடவும். அடுத்த வரிசையில் இருந்து கீழே உள்ள சென்செக்ஸ் எண்களை டைப் செய்யவும். மும்பைப் பங்குச் சந்தையில் உள்ள 30 பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் குறியீட்டு எண்தான் சென்செக்ஸ்.

2004 மே 17: முந்தைய முடிவு 5069.87, அன்று 4505.16
2009 மே 18: முந்தைய முடிவு 12173.42, அன்று 14284.21
2014 மே 16: முந்தைய முடிவு 23905.60, அன்று 24121.74
2019 மே 23: முந்தைய முடிவு 39110.21, அன்று 38811.39
2024 ஜூன் 4: முந்தைய முடிவு 76468.78, அன்று 72079.05

இனி டி2 செல்லில் =(சி2-பி2)/பி2*100 என்ற பார்முலாவை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் ஐந்து விடைகளும் வந்துவிடும்.

2024ல் சென்செக்ஸ் ஒரே நாளில் 4,390 புள்ளிகள் விழுந்தது என்று டி.வி.க்கள் அலறின. 2004ல் விழுந்தது சுமார் 565 புள்ளிகள்தான். ஆனால் உங்கள் எக்ஸெல் என்ன சொல்கிறது? 2004ன் வீழ்ச்சி 11.14 சதவீதம், 2024ன் வீழ்ச்சி 5.74 சதவீதம். புள்ளிக் கணக்கு பயமுறுத்தும்; சதவீதம்தான் உண்மையைச் சொல்லும்.

மறுபக்கமும் உண்டு. 2009ல் முடிவு சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை சந்தை திறந்த உடனேயே எகிறி, வர்த்தகம் நிறுத்தப்பட்டது. குறியீடு 10, 15, 20 சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ வர்த்தகத்தை நிறுத்தும் விதி இருக்கிறது. அன்று மொத்தமே சில நிமிடங்களுக்கு மேல் வர்த்தகம் நடக்கவில்லை. காலையில் வாங்கலாம் என்று காத்திருந்தவர்கள் திரையைப் பார்த்துக் கொண்டிருந்ததுதான் மிச்சம்.

கணிப்பை நம்பியவர்கள்

2024 ஜூன் 1 மாலை எக்ஸிட் போல் முடிவுகள் வெளியாயின. அவற்றை நம்பி ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,507 புள்ளிகள் ஏறியது. மறுநாள் உண்மையான எண்ணிக்கை வந்ததும் அதைவிட அதிகமாக இறங்கியது. ஜூன் 7 அன்று 76,693ல் முடிந்து, விழுந்ததை எல்லாம் மீட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை வரை கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல் இருந்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் பயந்து விற்றவருக்கு நஷ்டம் நிஜம்.

2004லும் இதே கதைதான். புதிய அரசுக்கு இடதுசாரிகளின் ஆதரவு தேவை, பொதுத்துறைப் பங்கு விற்பனை நின்றுவிடும் என்ற அச்சத்தில் பலர் விற்றார்கள். அந்த ஆண்டு முடிவிலேயே சென்செக்ஸ் 6,600ஐத் தாண்டியிருந்தது. அதே ஆட்சியில் 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்டது. அதே ஆட்சியில்தான் உலக நிதி நெருக்கடி வந்து 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே போனது. ஆட்சி மாறாமலே சந்தை இத்தனை மாறியது என்றால், ஆட்சியை மட்டும் வைத்துச் சந்தையைக் கணிக்க முடியுமா?

யாருக்கு ஆபத்து?

"காத்திருந்தால் மீண்டுவிடும்" என்பது எல்லாருக்கும் பொருந்தாது. குறியீடு மீளும், நீங்கள் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் பங்கு மீளாமலே போகலாம். கடன் வாங்கிப் போட்டவரால் காத்திருக்க முடியாது. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போனவருக்கோ காலக்கெடு உண்டு. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்ததாக செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்தை வைத்து இந்த விளையாட்டை ஆடலாமா?

இன்னொரு ஆபத்து மெசேஜ் வழியாக வரும். தேர்தல் நேரமான 2024 ஏப்ரலில், தேசிய பங்குச் சந்தையின் தலைமை அதிகாரியே பங்குகளைச் சிபாரிசு செய்வது போன்ற போலி வீடியோக்கள் உலவின. அவற்றை நம்ப வேண்டாம் என்று அந்தச் சந்தையே எச்சரித்தது. முகமும் குரலும் இனி ஆதாரம் இல்லை. "ரிசல்ட் ஸ்பெஷல் டிப்ஸ்" என்று வரும் லிங்க் எதையும் கிளிக் செய்யாதீர்கள். ஆலோசனை தருபவர் செபியில் பதிவு பெற்றவரா என்பதை செபி தளத்திலேயே பார்த்துக் கொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

இரண்டு மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைத் தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பங்குகளில் போட வேண்டாம். மாதா மாதம் மியூச்சுவல் பண்டில் கட்டுபவர்கள் தேர்தலுக்காக நிறுத்த வேண்டாம். தவிர்க்க முடியாத காரணத்தால் அன்றே விற்க வேண்டி வந்தால், மார்க்கெட் ஆர்டர் கொடுக்காமல், "இந்த விலைக்குக் கீழே விற்க வேண்டாம்" என்று சொல்லும் லிமிட் ஆர்டர் கொடுங்கள். விலை தாறுமாறாக ஆடும் வேளையில் மார்க்கெட் ஆர்டர் எந்த விலைக்கு முடியும் என்று சொல்ல முடியாது.

ஓட்டு எண்ணிக்கையைத் தாராளமாகப் பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தொகுதிவாரியாகச் சுற்றுக்குச் சுற்று விவரம் கிடைக்கும். டிரேடிங் தளத்தை மட்டும் லாக் அவுட் செய்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்த மக்களவைத் தேர்தல் முறைப்படி 2029ல் வர வேண்டும். இன்று தயாரித்த எக்ஸெல் பைலை "தேர்தல்" என்று பெயர் கொடுத்து டெஸ்க்டாப்பில் சேவ் செய்து வையுங்கள். அன்று கை துறுதுறுத்தால், முதலில் அந்த பைலைத் திறந்து படியுங்கள்.