தந்தையின் தோழர்கள்

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண எழுந்தருள்வார். சுற்றுப்பட்டுக் கிராமங்களின் சாமிகளும் மேளதாளத்தோடு ஆற்றுக்கு வந்து சேரும். மணலில் கடைகள் முளைத்துவிடும். கரும்பும் சுருளிக்கிழங்கும் வாங்காமல் வீடு திரும்புகிறவர்கள் குறைவு. பொங்கலுக்கு ஊர் வந்தவர்களில் முடிந்தவர்கள் இந்த நாள் வரை தங்கிவிட்டுத்தான் சென்னைக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறுவார்கள். ஊரின் இளைஞர்களை ஒருசேரப் பார்ப்பதற்கு எனக்கு ஆண்டில் வாய்ப்பது இந்த ஒரு நாள்தான்.

2023ஆம் ஆண்டுத் திருவிழாவன்று என் அக்கா மகன் என்னைக் கூட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி அழைத்துப்போனான். பட்டயப் படிப்பு முடித்துவிட்டுத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவன். கைபேசியில் பணம் கட்டி ரம்மி ஆடி ஐந்து மாதச் சம்பளத்தை இழந்திருந்தான். அதை ஈடுகட்டக் கடன் செயலி ஒன்றில் வாங்கி, அந்தக் கடனை அடைக்க இன்னொன்றில் வாங்கியிருந்தான். அவனுடைய கைபேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் யாரோ அழைத்து அவனைத் திருடன் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த அழைப்பு எனக்கு வரக்கூடும் என்பதால்தான் முந்திக்கொண்டு சொன்னான்.

"ஏன்டா, இத்தன மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றேன்.

"சொன்னா என்ன மாமா பண்ணியிருப்பீங்க? திட்டியிருப்பீங்க. இல்லன்னா ஒரு மணி நேரம் புத்தி சொல்லியிருப்பீங்க. ரெண்டுமே எனக்கு மனப்பாடம்."

இரண்டாவது கடனை வாங்கச் சொன்னது யார் என்று கேட்டேன். முகம் பார்த்தறியாத ஒருவர்; ஏதோ ஒரு குழுவில் இருந்தவர். "அவரு எதுவும் கேக்கல மாமா. என்ன செய்யணும்னு மட்டும் சொன்னாரு" என்றான்.

இன்றைய இளைஞர்களின் சிக்கல்கள் என்று பேச்செடுத்தால் நம்மிடம் ஆயத்தமாக ஒரு பட்டியல் இருக்கிறது. கைபேசி, போதை, சூதாட்டம், சினிமா, வேலையின்மை, வாசிப்பின்மை. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அக்கா மகனின் பதில் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றது. ஆபத்தைவிட, ஆபத்தில் யாரிடம் போவது என்பதே அவனுடைய சிக்கலாக இருந்தது. அவனுக்குத் தெரிந்த பெரியவர்கள் எல்லோரிடமும் அறிவுரை இருந்தது. உதவி மட்டும் அறியாதவரிடம் இருந்து வந்தது, வட்டியோடு.

இதை அவன் ஒருவனின் கதையாக ஒதுக்கிவிட முடியாதபடி எங்கள் மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறு இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதன் பெயர் நாடு முழுவதும் தெரிய வந்தது இரு துயரங்களால்.

முதலாவது 2022 ஜூலையில் நிகழ்ந்தது. சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் 13ஆம் தேதி இறந்து கிடந்தார். நீதி கேட்டுத் தொடங்கிய போராட்டம் 17ஆம் தேதி கலவரமாயிற்று. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. மேசை நாற்காலிகளைத் தூக்கிச் சென்றார்கள். அங்கே படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீயில் போயின. வாட்ஸ்அப் குழுக்களில் பரவிய அழைப்பைப் பார்த்துப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் அக்கூட்டத்தில் இருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள்; அவர்களில் பெரும் பகுதியினர் இளைஞர்கள். ஒரு மாணவிக்காகக் கிளம்பிய கோபம் வேறு மாணவர்களின் சான்றிதழ்களை எரித்து முடிந்தது. அந்தக் கோபத்தின் தொடக்கத்தில் நியாயம் இருந்தது என்பதை நாம் மறுக்கக் கூடாது. அதை எங்கே, எப்படிக் கொண்டுபோவது என்று உடன் நடந்து காட்டப் பெரியவர்கள் இல்லை. அழைத்தவர்கள் இருந்தார்கள், அழைத்துச் சென்று பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் இல்லை.

இரண்டாவது 2024 ஜூனில், கருணாபுரத்தில். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாயும், வங்கியில் 5 லட்சம் ரூபாய் வைப்பும் அரசு அறிவித்தது. செய்யவேண்டிய செயல் அது, விரைவாகவும் செய்யப்பட்டது. எனினும் பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு மாதத்தின் மற்ற இருபத்தொன்பது நாட்களும் இருக்கின்றன. பள்ளியில் யாரோ அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்ட மாலையில் அது யாரிடம் போகும்?

மேற்கே கல்வராயன் மலையில் இதே கேள்வி இன்னும் பழையது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அங்கே தாமதமாகவும் அரைகுறையாகவுமே போய்ச் சேர்ந்தன. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் அம்மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. ஆனால் செம்மரம் வெட்ட ஆள் சேர்க்கும் தரகர்கள் மட்டும் சாலைக்காகக் காத்திருக்கவில்லை. முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மலையேறிப் போனார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இறந்த 20 பேரும் நம் வடமாவட்டத்தவர்கள். பலர் இதுபோன்ற மலைகளிலிருந்து போனவர்கள். வேலை தேடும் பையனின் வீட்டு வாசலுக்கு முதலில் வருகிறவர் தரகர் என்றால், அவன் தரகரோடு போவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆற்றோடு கிழக்கே போனால் திருக்கோவிலூர். அங்கே பெண்ணையின் நடுவில் ஒரு பாறை இருக்கிறது. கபிலர் குன்று என்பார்கள். இலக்கியம் வாசிப்பவர்களுக்கு அந்தக் கதை தெரியும். மூவேந்தர் முற்றுகையில் பறம்பு வீழ்ந்து பாரி இறந்தபின், அவன் மகளிர் இருவரையும் கபிலர் தம்மோடு அழைத்துச் சென்றார். விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார். இருவரும் மறுத்தார்கள். முடிவில் அப்பெண்களைப் பார்ப்பாரிடம் அடைக்கலமாக விட்டு அவர் வடக்கிருந்தார் என்று புறநானூற்றின் ஒரு குறிப்பு சொல்கிறது. அடைக்கலப் பெண்ணை மலையர்க்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்று திருக்கோவிலூர் வீரட்டானத்தில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. முடிவைப் பற்றி இரு சான்றுகளும் வேறுபடுகின்றன. அவர் அழைத்துச் சென்றார் என்பதில் வேறுபாடு இல்லை.

இருங்கோவேளிடம் கபிலர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முறையைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெண்களின் தந்தைக்குத் தாம் தோழர். ஆகவே இவர்கள் தம் மக்கள். இவ்வளவுதான் அவர் காட்டும் உரிமை. இரத்த உறவு இல்லை, அரச ஆணை இல்லை. நண்பன் இறந்தால் அவன் பிள்ளைகளின் பொறுப்பு தனக்கு வருகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவே. மறுத்த மன்னர்களின் முன் அவமானப்பட்டு நின்றவரும் அவரேதான். அப்பெண்களிடம் "உலகம் இப்படித்தான், எச்சரிக்கையாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் தம் வழியே போயிருக்கலாம். நம்மில் பெரும்பாலோர் இன்று செய்வது அதைத்தான்.

பெற்றோர் அல்லாத, ஆனால் பொறுப்பை விட்டுவிடாத அந்தப் பெரியவரைத்தான் நம் சமூகம் இழந்துகொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். பெற்றோரிடம் சொல்ல முடியாதவை வளரும் பருவத்தில் எப்போதும் உண்டு. அவற்றைக் கேட்டுக்கொள்ள ஒரு மாமாவோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ, பள்ளி முடிந்தும் மரத்தடியில் நின்றுகொண்டிருந்த ஓர் ஆசிரியரோ இருந்தார்கள். இன்று அந்த மாமா திருப்பூரில் இருக்கிறார். ஆசிரியர் மாலைப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். தந்தைக்கே தோழர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் முகமறியாத குழுவும், தரகரும், கடன் செயலியும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவேண்டும். பழைய ஊரின் பெரியவர்கள் எல்லோரும் கபிலர்களாகவா இருந்தார்கள்? இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த கண்கள் பெண் பிள்ளைகளை வேவு பார்த்தன. எந்தத் தெருப் பையன் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னதும் அதே திண்ணைதான். சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளுக்கு அத்திண்ணை என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். அதைத் திரும்பக் கொண்டுவர யாரும் விரும்ப முடியாது. அந்தக் கண்களிலிருந்து தப்பிப்பதற்கு இன்றைய இளம்பெண் ஒருத்திக்குக் கைபேசி ஒரு கதவு என்றால், அதை மூடச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. நான் கேட்பது கண்காணிப்பை அன்று. கண்காணிப்பவர் பிள்ளையை ஊரின் சார்பில் பார்க்கிறார். கபிலர் ஊர் ஊராகப் பிள்ளைகளின் சார்பில் பேசப்போனார்.

அவர்களே பேசுவதற்கும் இடம் விடவேண்டும். பாரி மகளிர் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பது புறநானூற்றின் 112ஆம் பாடல் ஒன்றுதான்; ஐந்தே அடிகள். தங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் அதில் சொல்கிறார்கள். இரக்கமும் கோரவில்லை, வழியும் கேட்கவில்லை. அதை யாரோ குறுக்கே பேசாமல் கேட்டிருக்கிறார், அதனால் நமக்குக் கிடைத்தது.

இன்றைய தலைமுறைக்குப் பொறுப்பில்லை, அவர்களிடம் பேசிப் பயனில்லை என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு நூல்களில் விடை தேடவேண்டியதில்லை. 2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கரையோரத் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. எப்போது பார்த்தாலும் கைபேசியில் தலை கவிழ்ந்திருப்பதாக நாங்கள் குறைசொல்லும் பிள்ளைகள்தான் அந்தக் கைபேசியில் செய்தியைப் பார்த்துவிட்டு இருட்டில் கதவு கதவாகத் தட்டினார்கள். நடக்கமுடியாத கிழவர்களைத் தோளில் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். யாரும் அவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. அன்று அவர்கள் தேவைப்பட்டார்கள். அது அவர்களுக்குத் தெரிந்தது.

சட்டங்களும் திட்டங்களும் வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகத் தமிழக அரசு 2023இல் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று கூறி உயர்நீதிமன்றம் அவற்றின் மீதான தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவ்விளையாட்டுகளைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றியது. இந்த இடைக்காலத்தில் கடனாளியான பிள்ளைகளுக்குச் சட்டம் பின்னோக்கி வந்து உதவாது. கல்லூரி மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் பல வீடுகளில் படிப்பு நின்றுபோகாமல் காத்திருக்கின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் ஒரு திட்டத்தால் ஒருவனுடைய வீட்டுக்கு வந்து அவன் அப்பாவிடம் பேசமுடியாது. 2006இல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராமந்தோறும் நூலகங்கள் கட்டத் தொடங்கினார்கள். பல ஊர்களில் அவை பிற்பாடு பூட்டிக் கிடந்தன. கட்டடம் கட்டுவதைவிட அதில் மாலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க ஒரு மனிதரைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்திருக்கிறது.

இலக்கியம் வாசிக்கிற நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. மனிதமனத்தின் ஆழங்களைப் பற்றி இரவெல்லாம் விவாதிக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் மூன்று மாதமாகத் தலைநிமிர்ந்து பேசாததை நாம் கவனித்தோமா? கவனித்தாலும், "அவங்க வீட்டு விஷயம்" என்று விலகிப்போகும் நாகரிகத்தை எங்கோ கற்றுக்கொண்டுவிட்டோம். கபிலருக்கு அந்த நாகரிகம் இருந்திருந்தால் பாரி மகளிர் பறம்பின் அடிவாரத்திலேயே நின்றிருப்பார்கள்.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அன்று ஆற்றில் அக்கா மகனுக்கு நான் புத்திதான் சொன்னேன், அவன் கணித்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரவு படுக்கையில் அவன் சொன்ன பதில் உறுத்தியது. மறுநாள் காலை அவனோடு அவன் வீட்டுக்குப் போனேன். அத்தானிடம் விஷயத்தைச் சொல்லும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் என்னைத்தான் அதிகம் திட்டினார். இழந்த பணம் திரும்பவில்லை. கடனை அடைக்க ஒன்றரை ஆண்டுகள் ஆயின. மிரட்டல் அழைப்புகளை மட்டும் புகார் கொடுத்து நிறுத்தினோம்.

பிறகொரு தை ஐந்தாம் நாளில் அவன் தன் நண்பன் ஒருவனை ஆற்றங்கரையில் என்னிடம் அழைத்து வந்தான். அந்தப் பையன் மணலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, இவனுக்கு ஒரு பிரச்சன. கொஞ்சம் கேளுங்க" என்றான். பிறகு தயங்கி, "புத்தி மட்டும் சொல்லிடாதீங்க" என்றான்.

கரும்புக் கட்டைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டேன்.