சாட்சிக் கூண்டில் ஒரு சினிமா

அராபிய சினிமாவை உலகத்துக்கு அறிமுகப்படுத்தும் காரியம் மும்முரமாக நடந்து வருகிறது. விழாக்களில் தனிப் பிரிவுகள், பட வியாபாரச் சந்தைகளில் தனி அரங்குகள், வழவழப்பான கையேடுகள். மொராக்கோக்காரன் பேச்சு இராக்காரனுக்கு எளிதில் பிடிபடாது என்பதையெல்லாம் மறந்து, எல்லோரையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நிறுத்தியாகிவிட்டது. படங்கள் வெளியே வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வந்த படங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை. அவை படைப்புகளாகப் பார்க்கப்படவில்லை. சாட்சிகளாகக் கூண்டில் ஏற்றப்படுகின்றன. சாட்சியிடம் எவனும் உருவத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நடந்ததைச் சொல், போ என்பான்.

2025இல் வெனிஸில் துனீஸியப் பெண் இயக்குநர் கவ்தர் பென் ஹனியாவின் 'ஹிந்த் ரஜபின் குரல்' காட்டப்பட்டது. சபை எழுந்து நின்று 20 நிமிடங்களுக்கு மேல் கைதட்டியது. நான் படித்த செய்திகளில் பெரும்பாலானவை இந்த நிமிடக் கணக்கோடு நின்றுவிட்டன. படம் என்ன செய்தது? 2024 ஜனவரியில் காஸாவில், உறவினர்களின் பிணங்களுக்கு நடுவே காருக்குள் சிக்கிய சிறுமி, செம்பிறைச் சங்கத்தாரிடம் தொலைபேசியில் உதவி கேட்ட அந்த நிஜக் குரலையே பென் ஹனியா எடுத்துக்கொள்கிறார். சங்க ஊழியர்களாக நடிகர்களை அமர்த்துகிறார். அலுவலகத்தை விட்டு கேமரா அநேகமாக நகர்வதில்லை. அழைப்பு நடக்கும்போது காரை நாம் பார்ப்பதில்லை. கேட்க மட்டும் செய்கிறோம். செத்துப்போன குழந்தையின் நிஜக் குரலுக்கு நடிகன் பதில் சொல்லலாமா? இது அழகியல் கேள்வி. அதனாலேயே அறக் கேள்வியும்கூட. விவாதிக்கப்பட்டிருக்க வேண்டியது இதுதான். கைதட்டலில் அது அமுங்கிப்போயிற்று.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும் என்று தெரியும்: ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது உருவம், அழகியல் என்று பேசுவது கொழுப்பு அல்லவா? இதற்குப் பதிலை 1972லேயே தவ்ஃபீக் ஸாலிஹ் சொல்லிவிட்டார். எகிப்தியரான அவர், சிரிய அரசின் திரைப்பட நிறுவனத்தின் பணத்தில், பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் 'சூரியனில் மனிதர்கள்' குறுநாவலை 'ஏமாற்றப்பட்டவர்கள்' என்று படமாக்கினார். மூன்று தலைமுறையைச் சேர்ந்த மூன்று அகதிகள், காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து பாலைவனம் தாண்டி குவைத் போகிறார்கள். எல்லைச் சாவடியில் அதிகாரிகள் லாரிக்காரனை ஆபாச அரட்டையில் நிறுத்தி வைக்க, உள்ளே மூவரும் வெந்து சாகிறார்கள். நாவலின் முடிவில் லாரிக்காரன், ஏன் தொட்டியைத் தட்டவில்லை என்று பிணங்களைக் கேட்கிறான். ஸாலிஹ் இதை மாற்றினார். படத்தில் அவர்கள் தட்டுகிறார்கள். குளிர்சாதன இயந்திரங்களின் இரைச்சலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு சப்தத்தை இன்னொரு சப்தத்துக்குள் புதைத்ததன் மூலம் நாவலின் குற்றச்சாட்டையே திசை திருப்பிவிட்டார். தட்டாத அகதி அல்ல, கேட்காத அதிகாரியே குற்றவாளி என்றாகிவிட்டது. இது உருவத்தில் எடுத்த முடிவா, அரசியல் முடிவா? பிரித்துக் காட்டட்டும், பார்க்கலாம். கனஃபானி அதே ஆண்டு ஜூலையில் பெய்ரூட்டில் கார் வெடிகுண்டில் கொல்லப்பட்டார்.

1972இல் தட்டும் ஓசை கேட்கவில்லை. 2025இல் குரல் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் எவராலும் போய்ச் சேர முடியவில்லை. பென் ஹனியா இதை நினைத்தாரோ இல்லையோ, இந்த இரண்டு படங்களுக்கும் இடையே 53 ஆண்டு வாக்குவாதம் இருக்கிறது. 'சமகாலம்' என்ற சீட்டை ஒட்டி விற்பவர்கள் இந்த இழையைத்தான் அறுக்கிறார்கள். பாட்டன் இல்லாத படம் வெறும் செய்தியாகிவிடும். அடுத்த வருஷம் அடுத்த செய்தி.

வாங்குபவன் என்ன கேட்கிறான் என்பதை எலியா சுலைமான் தன் படத்திலேயே காட்டிவிட்டார். 'இதுதான் சொர்க்கமாக இருக்கவேண்டும்' (2019) படத்தில் பிரெஞ்சுத் தயாரிப்பாளர் ஒருவர் அவர் கதையை மரியாதையாகத் தள்ளுகிறார்: அதில் பாலஸ்தீனம் போதவில்லையாம். சுலைமான் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹைஃபா அல் மன்ஸூரின் 'வாஜ்தா'வை (2012) எடுத்துக்கொள்ளுங்கள். ரியாத் தெருக்களில் அவர் வேனுக்குள் ஒளிந்திருந்து இயக்கினார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். சைக்கிளுக்கு ஆசைப்படும் அந்தப் பெண்ணின் குறும்பை எப்படிப் படமாக்கினார் என்று எழுதியவர் எத்தனை பேர்?

அந்நியப் பணம் வாங்கிய படம் அசலல்ல என்று சொல்லும் சுத்த சுயம்புகளோடும் எனக்கு உடன்பாடில்லை. பணம் பாரிஸிலிருந்து வந்ததா, தோஹாவிலிருந்தா என்பது கணக்குப்பிள்ளையின் கவலை. அரபு அரசின் பணத்திலேயே ஸாலிஹ் அரபு அதிகாரிகளைக் குற்றவாளிகளாக்கினார். அசல் பிரச்னை திரை யார் கையில் என்பது. இதை உணர்ந்துதான் தாஹர் ஷெரியா 1966இல் துனீஸியாவில் கார்தேஜ் விழாவை ஆரம்பித்தார். அராபிய, ஆப்பிரிக்கப் படங்கள் ஐரோப்பாவின் முத்திரைக்குக் காத்திராமல் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள ஓர் இடம். ஸாலிஹின் படம் 1972இல் பரிசு பெற்றது அங்கேதான். விநியோகத்தைப் பிடித்தவன் சினிமாவைப் பிடித்தவன் என்பது ஷெரியாவின் வாதம். அது பழையதாகிவிடவில்லை. பாலஸ்தீனியரும் இஸ்ரேலியரும் சேர்ந்து எடுத்த 'வேறு நிலம் இல்லை' 2025இல் ஆஸ்கர் பரிசு வாங்கியபோது அமெரிக்காவில் அதற்கு ஒரு விநியோகஸ்தர் கிடையாது. சிலை கொடுத்தார்கள், விநியோகம் கொடுக்கவில்லை.

சாட்சியாக்குவதில் இன்னொரு அவமரியாதையும் உண்டு: சாட்சியை யாரும் விமர்சிப்பதில்லை. நதீன் லபாக்கியின் 'கப்பர்நகூம்' (2018) கான் விழாவில் நடுவர் பரிசு பெற்ற படம். தன்னைப் பெற்றதற்காகப் பெற்றோர் மேல் வழக்குப் போடுகிறான் பெய்ரூட் சிறுவன் ஒருவன். அந்தச் சிறுவனின் முகம் அபாரம். ஆனால் கோர்ட்டில் நிற்பது ஏழைப் பெற்றோர்தான். காகிதமில்லாதவனைக் காகிதமில்லாமல் வைத்திருக்கும் அரசு வெளியே சௌகரியமாக நிற்கிறது. இது படத்தின் கோளாறு என்கிறேன். சொன்னால், உனக்கு அகதிகள் மேல் இரக்கமில்லையா என்கிறார்கள். இரக்கம் என்பது மதிப்பெண் போடுவதல்ல. பெர்க்மனைத் திட்டும் உரிமையோடு லபாக்கியையும் திட்ட முடிகிற அன்றுதான் அவரை நாம் கலைஞராக ஏற்றுக்கொண்டோம் என்று அர்த்தம்.

நம் திரைப்படச் சங்கத்து நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கான், வெனிஸ் இலைச் சின்னம் ஒட்டாத அராபியப் படத்தை நாம் சீந்துவதில்லை. படம் முடிந்ததும் மேற்காசிய அரசியல் பற்றி அரை மணி பேசிவிட்டு டீ குடிக்கப் போகிறோம். 'ஹிந்த் ரஜபின் குர'லைத் திரையிடுங்கள், வேண்டியதுதான். ஆனால் அதே மாலையில் 'ஏமாற்றப்பட்டவர்க'ளையும் திரையிடுங்கள். பிறகு அந்த இரண்டு சப்தங்களைப் பற்றிப் பேசுவோம்.