வண்டியும் வழியும்: ரோடு காலியாத்தானே இருக்கு... திருமழிசை தாண்டியதும் க்ரூஸ் கன்ட்ரோல் போடலாமா?

கோயம்பேட்டில் கிளம்பி, மதுரவாயல், வேலப்பன்சாவடி, பூந்தமல்லி என்று வருவதற்குள் கிளட்சையும் பிரேக்கையும் மாறி மாறி மிதித்தே கால் மரத்துப்போகும். நசரத்பேட்டை, திருமழிசை தாண்டி செம்பரம்பாக்கம் பக்கம் வரும்போதுதான் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை கொஞ்சம் அகலமாகக் கண்ணுக்குத் தெரியும். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்க ஆரம்பித்திருப்பார்கள். ஸ்டீயரிங்கில் இருக்கும் அந்தச் சின்ன பட்டனை நோக்கி விரல் போவது அந்த நேரத்தில்தான்.

க்ரூஸ் கன்ட்ரோல் இப்போது சொகுசு கார்களுக்கு மட்டும் உரிய சமாச்சாரம் இல்லை. பத்து லட்ச ரூபாய்க்குள் கிடைக்கும் பல கார்களிலேயே இருக்கிறது. கூடவே இருட்டினால் தானாக எரியும் ஹெட்லைட், பகலிலும் எரியும் டி.ஆர்.எல். எல்லாம் வந்துவிட்டன. வசதி நல்லதுதான். ஆனால், இவை ஒவ்வொன்றும் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது பலருக்கும் தெரிவதில்லை. ஷோரூமில் டெலிவரி கொடுக்கும் அரை மணி நேரத்தில் அதையெல்லாம் விளக்கிச் சொல்லவும் முடிவதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் அந்த ஆண்டு நடந்த சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே இதுதான் அதிகம். உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், முன்னால் இருக்கும் வண்டியின் பின்பக்கத்தில் மோதியவை. முன்னால் இருப்பதை நேரத்துக்குப் பார்ப்பதும், நம் வண்டி பின்னால் வருபவருக்குத் தெரிவதும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

க்ரூஸ் கன்ட்ரோல் எதைப் பார்க்கிறது?

இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்க இன்ஜினீயர். ஐந்து வயதில் நடந்த விபத்தில் பார்வையை இழந்தவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், பேச்சை நிறுத்தினால் கூட்டுவாராம். அந்தக் குலுங்கல் பொறுக்காமல்தான் டீட்டர் இதைச் செய்ய ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். 1950-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1958-ல் க்ரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

டீட்டர் தீர்க்க நினைத்தது வேகம் ஏறி இறங்கும் பிரச்னையை மட்டும்தான். இன்றைக்கும் சாதாரண க்ரூஸ் கன்ட்ரோல் செய்வது அதைத்தான். 80-ல் செட் செய்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலேயே வண்டி 80-ல் போகும். பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். கியர் வண்டியில் கிளட்சை மிதித்தாலும் விட்டுவிடும். எதிரே லாரி நிற்கிறதா, மாடு படுத்திருக்கிறதா, யாராவது சென்டர் மீடியனைத் தாண்டி ஓடி வருகிறார்களா என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை.

"எங்க கார்ல அடாப்டிவ் க்ரூஸ் இருக்கே?" என்று கேட்கலாம். ரேடார், கேமரா உதவியோடு முன்னால் போகும் வண்டியைப் பார்த்து, இடைவெளி விட்டு ஓடும் வகை அது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. ஆனால், வேகமாகப் போகும்போது வழியில் அசையாமல் நிற்கும் வண்டியை அது கவனிக்காமல் போகலாம் என்று கார் கம்பெனிகளே கையேட்டில் எச்சரிக்கின்றன. பைக், சைக்கிள், நடந்து போகிறவர், மாடு ஆகியவை விஷயத்திலும் அதே எச்சரிக்கை உண்டு.

திருமழிசைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கான கன்டெய்னர் லாரிகள், ஷிஃப்ட் பஸ்கள், வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் இருந்து வந்து சேரும் கனரக வண்டிகள் என எல்லாம் கலந்து ஓடும் பகுதி இது. பஞ்சரான லாரி ஓரமாக நிற்கும். யூ-டர்ன் போடச் சோம்பல்பட்டு ஒரு பைக் எதிர்த்திசையில் வரும். கருவிக்குச் சிரமமானவை எல்லாம் இங்கே அன்றாடக் காட்சிகள்.

வெளிச்சம் எவ்வளவு தூரம், வேகம் எவ்வளவு?

க்ரூஸ் கன்ட்ரோலையும் ஹெட்லைட்டையும் தனித்தனி விஷயமாக நினைக்கிறோம். இரவில் இரண்டும் ஒரே கணக்கு.

ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக சுமார் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கும். நல்ல டயர், காய்ந்த ரோடு என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ வேகத்தில் வண்டி நிற்க சுமார் 45 மீட்டர் தேவை. 80 கி.மீ வேகத்தில் சுமார் 70 மீட்டர். 100 கி.மீ வேகத்தில் கிட்டத்தட்ட 100 மீட்டர்.

லோ பீமில் சாலை தெளிவாகத் தெரிவது பொதுவாக 50, 60 மீட்டர்தான். அப்படியென்றால், லோ பீம் போட்டுக்கொண்டு 100-ல் க்ரூஸ் செட் செய்தவர், தன் கண்ணுக்கு இன்னும் தெரியாத இடத்தில் போய்த்தான் வண்டியை நிறுத்த முடியும். டெயில் லைட் எரியாத டிராக்டர் டிரெய்லர் ஒன்று அந்த இடைவெளியில் நின்றால், எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் தப்பிப்பது கஷ்டம்.

இரவில் வேகத்தின் எல்லையைப் போர்டு மட்டும் சொல்வதில்லை, ஹெட்லைட்டும் சொல்கிறது. விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் பாதுகாப்பான வேகம். எதிரே வண்டி இல்லாத, இருட்டான நீளமான பாதையில் ஹை பீம் போடுவது தப்பே இல்லை, அதற்காகத்தான் அது இருக்கிறது. எதிரே வண்டி வந்தால், அல்லது முன்னால் ஒரு வண்டியை நெருங்கினால் உடனே லோ பீமுக்கு இறக்க வேண்டும். நடுவில் மீடியன் இருந்தாலும் கண் கூசும். முக்கியமாக, லோ பீமுக்கு இறக்கும்போது வேகத்தையும் இறக்க வேண்டும். செட் செய்த க்ரூஸ் அதைத் தானாகச் செய்யாது. இருட்டிய பிறகு, முன்னும் பின்னும் வண்டிகள் ஓடும் பாதையில் க்ரூஸ் கன்ட்ரோலைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

க்ரூஸ் போட்டவர்கள் செய்யும் சில தவறுகள்

*காலை மடக்கி உட்கார்வது.* ஆக்ஸிலரேட்டரில் வேலை இல்லை என்று காலைப் பின்னுக்கு இழுத்து, சிலர் சம்மணம்கூடப் போடுகிறார்கள். அவசரத்துக்கு பிரேக்கைத் தேட ஒரு விநாடி கூடுதலாக ஆனால், 80 கி.மீ வேகத்தில் 22 மீட்டர் போய்விடும். பாதம் பிரேக் பெடல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

*கேன்சல் பட்டனிலேயே வேகம் குறைப்பது.* பட்டனை அழுத்தினால் க்ரூஸ் விட்டுவிடும், வண்டியும் மெதுவாகும். ஆனால், பிரேக் லைட் எரியாது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு, முன்னால் இருப்பவர் வேகத்தைக் குறைக்கிறார் என்ற தகவலே போகாது. வண்டி நெருக்கத்தில் இருக்கும்போது, பிரேக்கை லேசாகத் தொட்டு விடுவிப்பதே சரி.

*ரெஸ்யூம் பட்டன்.* டீ குடிக்க சர்வீஸ் ரோட்டில் இறங்கி, மறுபடி கிளம்பும்போது 'ரெஸ்' பட்டனைத் தட்டினால், வண்டி பழைய 90-ஐ நினைவு வைத்துக்கொண்டு சீறும். மெயின் ரோட்டில் கலந்து, சூழ்நிலை பார்த்து, புதிதாக செட் செய்வது நல்லது.

*மழையில் போடுவது.* வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கிய தண்ணீர் மேல் டயர் ஏறினால், ரோட்டின் பிடிப்பு விட்டுப்போகலாம். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டர் குறைய வேண்டும். வேகத்தைக் காப்பாற்றப் பார்க்கும் கருவி அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளலாம். மழை ஆரம்பித்ததும் க்ரூஸை எடுத்துவிட வேண்டும்.

*இறக்கத்தில் நம்புவது.* தருமபுரி மாவட்டம் தொப்பூர் கணவாய் மாதிரி இடங்களில் சாதாரண க்ரூஸ் கன்ட்ரோல் உதவாது. பல கார்களில் அது ஆக்ஸிலரேட்டரை மட்டும்தான் கட்டுப்படுத்தும், பிரேக் போடாது. இறக்கத்தில் வேகம் செட் செய்ததையும் தாண்டும்.

*தூக்கம்.* கால், கை இரண்டுக்கும் வேலை குறைந்தால் கண் சொக்கும். கொட்டாவி வந்த பிறகு க்ரூஸ் போடக்கூடாது, ஓரம் கட்ட வேண்டும்.

விளக்கு நமக்காக மட்டும் எரிவதில்லை

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 105-வது விதி, இருட்டில் மட்டுமல்ல, போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்குகளை எரிய விட வேண்டும் என்கிறது. 155 மீட்டர் முன்னால் இருக்கும் ஆட்களும் வண்டிகளும் தெளிவாகத் தெரியவில்லை என்றால், போதிய வெளிச்சம் இல்லை என்று அர்த்தம். பைக்குகளுக்கு 2017 ஏப்ரல் முதல் ஹெட்லைட் தானாக எரியும் முறையே கட்டாயமானது. காரணம் ஒன்றுதான். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்ப்பதற்காக மட்டும் இல்லை, அவரை மற்றவர்கள் பார்ப்பதற்காகவும்தான் விளக்கு.

இந்த இடத்தில் புது கார்கள் ஒரு சின்ன ஏமாற்று வேலை செய்கின்றன. டி.ஆர்.எல். முன்னால் பளிச்சென்று எரியும், டாஷ்போர்டும் ஒளிரும். 'லைட் எரியுது' என்று நினைத்து ஓட்டுவோம். ஆனால், பல கார்களில் டி.ஆர்.எல். மட்டும் எரியும்போது பின்பக்கம் டெயில் லைட் எரியாது. மாலை மங்கலிலும் மழையிலும் பின்னால் வருபவருக்கு அந்த கார் வெறும் நிழல்தான்.

'ஆட்டோ'வில் வைத்துவிட்டேன் என்பதும் முழுப் பதில் இல்லை. அந்த சென்சார் இருட்டை அளக்கும், பனியையும் மழையையும் அல்ல. மார்கழி, தை விடியலில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் பனி இறங்கும்போதும், போகிப் புகை சாலையை மூடும்போதும் வானம் வெளுப்பாகத்தான் இருக்கும். ஹெட்லைட் தானாக எரியாமல் போகலாம். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் அந்தக் காலையில்தான் ரோட்டில் வண்டிகளும் அதிகம். கையால் திருகி லோ பீம் போட வேண்டும். பனியில் ஹை பீம் போட்டால், வெளிச்சம் பனியில் பட்டு நம் முகத்திலேயே அடிக்கும்.

நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிட்டு மழையில் ஓட்டுவதும், சிக்னலில் 'நேராகப் போகிறேன்' என்று காட்டுவதும் நம் ஊர்ப் பழக்கம். இரண்டும் தவறு. அந்த விளக்கு எரியும்போது பெரும்பாலான கார்களில் இடது, வலது இண்டிகேட்டர் வேலை செய்யாது. லேன் மாறினால் பின்னால் வருபவருக்குத் தெரியாது. நிற்கும் வண்டியைத்தான் அந்த விளக்கு குறிக்க வேண்டும். ஓடும் வண்டியிலும் அது எரிந்தால், நிஜமாகவே நடுரோட்டில் ஒரு வண்டி நிற்கும்போது யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய பை. ஊருக்குப் போகும் குடும்ப காரின் நிலை இதுதான். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும். லோ பீம்கூட எதிரில் வருபவர் கண்ணில் போய் அடிக்கும். அதற்காகவே பல கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்ன உருளை இருக்கும். எடை கூடினால் எண்ணைக் கூட்ட வேண்டும், வெளிச்சம் கீழே இறங்கும். அதைத் திருகியே பார்க்காமல் காரை விற்றவர்களும் உண்டு.

கிளம்பும் முன் இரண்டு நிமிடம்

கண்ணாடி துடைக்கும் துணியால் ஹெட்லைட், டெயில் லைட் இரண்டையும் துடைக்கலாம். ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்கலாம். தனியாகப் போகிறவர்கள் வீட்டுச் சுவரில், கடை ஷட்டரில் விழும் சிவப்பு வெளிச்சத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்று கடையில் வாங்கி மாட்டும் பளீர் பல்புகள் எதிரில் வருபவரின் கண்ணைப் பறிக்கும், விதிக்கும் புறம்பானவை.

வண்டி வழியில் நின்றுவிட்டால் முடிந்தவரை இடது ஓரம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, டிக்கியில் இருக்கும் எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்கு தள்ளி வைக்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்திருக்காமல், எல்லோரும் இறங்கி சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பது நல்லது. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

சரி, திருமழிசை தாண்டியதும் க்ரூஸ் போடலாமா? பகல், காய்ந்த ரோடு, முன்னால் நல்ல இடைவெளி, கண்ணில் தூக்கம் இல்லை என்றால் போடலாம். ஆனால், அங்கே அல்ல. ஸ்ரீபெரும்புதூர் நெரிசலும் கழிந்து, ரோடு உண்மையிலேயே திறந்துகொண்ட பிறகு போட்டுக்கொள்ளலாம்.