மேக்கரைச் சுரங்கமும் மலைப் பாறையும்

பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரில் ஒரு பங்கை வைப்பாற்றுப் பிரதேசத்துக்குத் திருப்பவேண்டுமென்ற கோரிக்கை தென் ஜில்லாக்களில் நெடுங்காலமாக எழுந்து வருகிறது. தேசிய நீர் அபிவிருத்தி ஸ்தாபனம் 1995-ல் தயாரித்த யோசனைப்படி, 63 கோடியே 40 லட்சம் கன மீட்டர் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே, செங்கோட்டைக்கு வடக்கே மேக்கரைப் பக்கம் வந்திறங்க வேண்டும். கேரள சர்க்கார் இசையவில்லை. நீர் மிகுதியா அன்றா என்பதிலேயே இருதரப்பு வாதமும் சுழல்கிறது. இடையே நிற்கும் மலையைப் பற்றி மேடைகளில் பேச்சே காணோம்.

பூகர்ப்ப சாஸ்திரிகள் 'அச்சன்கோவில் வெட்டு மண்டலம்' என்று வழங்கும் பெரும் பட்டை அம்மலையில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் பாறைத் தொகுதிகள் உரசி நகர்ந்த தழும்பு அது. அன்றைய வெப்பத்தில் பாறை மீண்டும் இறுகியதால் அதை முற்றும் பலவீனமென்பது பிசகு. ஆயினும் ஏடு ஏடாக அமைந்த பாறையின் குணம் வேறு.

ஓலைச்சுவடியின்மேல் கல்லை வைத்தால் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் ஏடுகள் வழுக்கும். அவற்றை நிறுத்துவன ஏடுகளுக்கிடையே உள்ள பற்றும், மேற்பாரத்தால் பிறக்கும் உராய்வுமே. இடுக்கில் நீர் புகுந்தால் அதன் அழுத்தம் ஏடுகளை விலக்கி உராய்வைக் குறைக்கிறது. அங்கே களிமண்ணும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சுரங்கம் ஏடுகளைக் குறுக்கே துளைத்தால் அபாயம் குறைவு. அவற்றின் போக்கிலேயே சென்றாலோ கூரை பலகை பலகையாகக் கழலும், பக்கச் சுவர் உள்ளே சறுக்கும். ஆதலால் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் குடைவது என்பதே முதற் கேள்வி.

1904-ல் திறந்த புனலூர்–செங்கோட்டை ரயில் பாதையின் ஆரியங்காவுக் குகையை அத்தாட்சியாகக் காட்டுவர். அக்குகை நிற்கிறது, வாஸ்தவம். ஆனால் அதன் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரே. இங்கே வேண்டுவதோ மலைத்தொடரையே ஊடுருவும் நீர்வழி. உத்தராகண்டத்தில் 2023 நவம்பரில் சில்க்யாரா சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர் 17 நாள் அடைபட்டனர். அதே மாகாணத்துத் தபோவனத்தில் 2009-ல் சுரங்க யந்திரம் நிலத்தடி நீரூற்றைக் கீறிவிட, நீர் வெள்ளமாய்ப் பாய்ந்தது.

நமக்கு முக்கியமானது இந்த இரண்டாவது விஷயம். மேக்கரையில் அடவிநயினார் அணையை நிரப்பும் அனுமன் நதி மலைக்காட்டின் மழையாலும் கசிவாலும் வாழ்வது. குற்றாலத்துச் சிற்றாறும் அவ்வாறே. ஏடுகளின் இடுக்கில் ஓடும் கசிவைச் சுரங்கம் இழுத்துக்கொண்டால், பம்பை நீர் வருமுன்னரே உள்ள நீர் குறையும். வைப்பாற்றுக் குடியானவனின் தாகத்தைத் தீர்க்கத் தென்காசிக் குடியானவனின் ஊற்றைப் பணயம் வைப்பதை எந்தத் தேசபக்தன் ஒப்புவான்?

யோசனையைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. சுரங்கப் பாதை நெடுகத் துளையிட்டுப் பாறையை எடுத்துச் சோதிக்கட்டும். ஏடுகளின் சாய்வையும், நீரில் நனைந்தபின் அவற்றின் உராய்வையும், ஊற்றுகளின் மட்டத்தையும் அளக்கட்டும். அந்த அளவுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டுப் பிரஜைகள் முன் வைத்தபின் இரு சர்க்கார்களும் பேச உட்காரட்டும்.