அந்த ஆறு வாரங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்குப் போய்வருபவர்களுக்கு அந்த வரிசை பழகிப்போன காட்சி. பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் ஊழியர்கள் பொறுமையாக நின்றுகொண்டிருப்பார்கள். போன மாதம் அத்தையுடன் காய்கறி வாங்கப் போயிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு தம்பி கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். “இந்த மாசமும் முழுசா அனுப்பிடுறேம்மா. எனக்கு இங்க என்ன பெரிய செலவு?”

அத்தை நடையை நிறுத்திவிட்டார். “நானும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

அன்றிரவு அவருடைய மூவறை வீட்டில் உட்கார்ந்து ‘அவள் ஒரு தொடர்கதை’ பார்த்தோம். அவர்தான் கேட்டார். கே. பாலசந்தர் இயக்கி 1974ல் வெளிவந்த படம். கவிதாவாக வரும் சுஜாதாவுக்குத் தமிழில் அதுதான் முதல் படம். அப்பா வீட்டைத் துறந்து போய்விட்டார். அண்ணன் குடிகாரன், அவனுக்கு மனைவி, குழந்தைகள். தங்கை விதவை. தம்பிக்குப் பார்வை இல்லை. அத்தனை பேருக்கும் ஒரே சம்பளம், கவிதாவுடையது. காதலித்தவன் மனம் தங்கையின் பக்கம் திரும்ப, அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறாள். ஒருவழியாகத் திருந்திய அண்ணன் பொறுப்பேற்க, இவளும் திருமணத்துக்குத் தயாராகிறாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் இறந்துபோகிறான். கவிதா கல்யாணத்தை விட்டுவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள்.

நம் படங்களில் தியாகம் செய்பவர்கள் பெரும்பாலும் சிரித்த முகத்தோடு இருப்பார்கள். கவிதா அப்படியில்லை. சுள்ளென்று விழுவாள், சொல்லிக் காட்டுவாள். அதனால்தான் அரை நூற்றாண்டு கழித்தும் அவள் பொய்யாகத் தெரியவில்லை.

அந்தப் படம் வந்த ஆண்டில் என் அத்தைக்கு இருபது வயது. தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அத்தைக்கு வேலை. வீட்டில் பாட்டி, மூன்று தம்பிகள். மூத்த தம்பி என் அப்பா. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

படம் முடிந்ததும் அழுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. “ஒரே ஒரு மாசம் சம்பளத்தைக் கொடுக்காம இருந்து பாத்திருக்கணும்மா அவ.”

பிறகுதான் அந்தக் கதை வந்தது. 1979ல் படிக்கட்டில் விழுந்து அத்தைக்குக் கால் முறிந்துவிட்டது. ஆறு வாரம் படுக்கை. வீடு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டிருக்கிறார். அப்பா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் எடுத்தார். வேலை கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த இரண்டாவது தம்பி நான்கே நாளில் ஒரு கிடங்கில் சேர்ந்தார். கடைக்குட்டி சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். பாட்டி பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு காசு வாங்கினார். அத்தை எழுந்து நடந்த வாரமே எல்லாம் பழையபடி ஆனது. கிடங்கு வேலை ‘ஒத்துவரவில்லை’. அடுப்படியும் அத்தையிடமே திரும்பி வந்தது.

“ஆறு வாரம் யாரும் பட்டினி கிடக்கலை. அது அப்ப எனக்கு உறைக்கவே இல்லை” என்றார்.

எனக்கு உடனே காஃப்காவின் ‘உருமாற்றம்’ நினைவுக்கு வந்தது. 1915ல் வெளிவந்த அந்தக் கதையில், ஒரு விற்பனைப் பிரதிநிதி காலையில் கண்விழிக்கும்போது பூச்சியாக மாறியிருக்கிறான். அதுவரை குடும்பத்தின் கடனை அடைத்துக்கொண்டிருந்தவன் அவன். அப்பா தளர்ந்துவிட்டார், அம்மாவுக்கு உடம்பு முடியாது, தங்கை சின்னப் பெண் என்றே நம்பியிருந்தான். அவன் விழுந்த பிறகு அப்பா வங்கிச் சிப்பந்தியாகிறார். அம்மா தைத்துச் சம்பாதிக்கிறார். தங்கை கடையில் வேலைக்குப் போகிறாள். அப்பா கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்ததும் அப்போதுதான் தெரியவருகிறது. பூச்சியானதைவிட எனக்கு அதிர்ச்சி தந்த இடம் அதுதான். அவர்களால் முடியும். அவன் நின்றுபோகும் வரை அது யாருக்கும் தேவைப்படவில்லை.

இதை வைத்து அத்தையின் தம்பிகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்களில் ஒருவர் என் அப்பா. அவர் படித்தது, நான் படித்தது எல்லாம் அத்தையின் சம்பளத்தில் தொடங்கியவை. அப்பாவிடம் அந்த ஆறு வாரங்களைப் பற்றிக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அக்கா எதுவும் கேக்கலையேம்மா” என்றார்.

உண்மைதான். ஆனால், கேட்காமலே கொடுப்பவரிடம் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று யாரும் கேட்பதில்லை. அவர் சுமக்கச் சுமக்க, மற்றவர்கள் முடியாதவர்களாகவே இருந்துவிடுகிறார்கள். அன்பால் நடப்பதுதான். அதனாலேயே இதை நிறுத்துவதும் கடினம்.

அத்தைக்கென்று மிஞ்சியது மத்திய சேம நிதியில் இருந்த பணம் மட்டுமே. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்ததால் தப்பியது. தேக்கா வரிசையில் நிற்கும் தம்பிகளுக்கு அதுவும் கிடையாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உள்ள ஏற்பாடு அது. அவர்களாக எடுத்து வைத்தால்தான் உண்டு.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். எல்லாருடைய கட்டணங்களையும் கட்டுகிற அக்காவாக இருக்கலாம், வேலையிலிருந்து வந்து சமையலறைக்குள் நேராக நுழைகிற அம்மாவாக இருக்கலாம், புதிதாக வேலைக்குச் சேர்ந்து முதல் மாதமே எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்ட மகனாகவும் இருக்கலாம். அவருக்குக் கால் முறிவதற்கு முன்பே அந்த ஆறு வாரங்களைக் கொடுத்துப் பாருங்கள். சுமப்பவர் நீங்கள்தான் என்றால், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை அன்று அந்தத் தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை. “கொஞ்சம் உனக்குன்னு வச்சுக்கப்பான்னு சொல்லியிருக்கணும்” என்று இப்போது வருத்தப்படுகிறார். அவர் இதைப் படிக்கக்கூடும் என்றுதான் எழுதினேன்.