முதல் மரியாதை தண்ணீருக்கு



ஜப்பானின் கியோட்டோ நகரை மூன்று பக்கமும் மலைகள் சூழ்ந்திருக்கின்றன. கோடையில் அங்கே காற்று அசையாது. புழுக்கம் ஆளை வாட்டி எடுத்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் இளைப்பாறத் தேடிப்போகும் கிபுனே பள்ளத்தாக்கைப் பற்றி இந்த இதழில் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

தெமாச்சியானகி நிலையத்தில் சிறிய எய்சான் ரயிலில் ஏறினால், அரை மணி நேரத்தில் கிபுனேகுச்சி. அங்கிருந்து ஓடையை ஒட்டியே ஏறுகிறது பாதை. இருபுறமும் நெடிய சுகி மரங்கள். நடக்க நடக்க உடம்பில் குளிர்ச்சி ஏறும்.

மே முதல் செப்டம்பர் வரை, இங்குள்ள உணவகங்கள் ஓடும் தண்ணீருக்கு மேலேயே மரத்தளம் அமைத்துப் பாய் விரித்துப் பந்தி வைக்கின்றன. இதற்குப் பெயர் ‘கவாதோகோ’. எட்டித் தொடும் தூரத்தில் ஓடை சலசலக்கும். ‘அயு’ என்னும் ஆற்றுமீனை, நீந்துவது போலவே வளைத்துக் குச்சியில் கோத்து, உப்புத் தடவிச் சுட்டுத் தருவார்கள். ஓர் உணவகத்தில் மூங்கில் குழாயில் குளிர்ந்த நீரோடு வழுக்கி வரும் மெல்லிய சோமென் நூடுல்ஸைக் குச்சிகளால் பிடித்துச் சாப்பிடலாம்.

இந்த விருந்தின் அருமை, பக்கத்திலிருக்கும் கோயிலுக்குப் போனால்தான் முழுதாகப் புரியும். சிவப்பு விளக்குகள் வரிசைகட்டி நிற்கும் கற்படிகளின் மேலே, மழைக்கும் தண்ணீருக்கும் உரிய தெய்வமான தகாஒகாமி குடியிருக்கிறார். மழை வேண்டுமென்றால் கறுப்புக் குதிரையையும், மழை நிற்க வேண்டுமென்றால் வெள்ளைக் குதிரையையும் அந்தக் காலத்து அரசவை இங்கே காணிக்கையாக அனுப்பியது. நாளடைவில் உயிர்க் குதிரைக்குப் பதில் குதிரை வரைந்த பலகை வந்தது. இன்று ஜப்பானியக் கோயில்களில் பக்தர்கள் வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் ‘எமா’ பலகைகளின் தொடக்கம் இதுவே என்கிறார்கள். இங்கே குறி பார்ப்பதும் தண்ணீரில்தான். வெற்றுத்தாள் போலிருக்கும் சீட்டை நீரில் மிதக்கவிட்டால் எழுத்துகள் தெளிந்து வரும்.

தண்ணீரின் கோபத்தையும் இந்த ஊர் அறியும். இன்னும் மேலே, ஓகுமியா என்னும் உட்கோயில் இருக்கும் இடத்தில்தான் முதலில் மூலக்கோயில் இருந்தது. 1046-ல் வெள்ளம் அதைச் சிதைத்தது. 1055-ல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். 2020 ஜூலை மழையில் மண் சரிந்து ரயில் பாதை அடைபட்டது. மறுபடி ரயில் ஓட 2021 செப்டம்பர் ஆயிற்று. இன்றும் மழை வலுத்தால் தளத்திலிருந்து விருந்தினரை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். பருவம் முடிந்ததும் தளங்களைப் பிரித்துவிடுவார்கள்.

என் மனதைத் தொட்டது இந்தப் பண்புதான். ஓடையை அவர்கள் மூடவில்லை, திருப்பிவிடவில்லை. அது இடம் கொடுக்கும் மாதங்களில் அதன்மேல் உட்கார்ந்து உண்கிறார்கள். இடம் கேட்கும்போது எழுந்துகொள்கிறார்கள். கிபுனே ஓடை குராமா ஆற்றில் கலந்து, காமோ ஆற்றோடு சேர்ந்து கியோட்டோவுக்குள் பாய்கிறது. நகரத்துக்குப் போகும் தண்ணீருக்கு மலையிலேயே வணக்கம் சொல்லி அனுப்புகிறது இந்தச் சிற்றூர். நீரை வணங்குவதும் அதற்குரிய வழியை விட்டுவைப்பதும் ஒன்றேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோடையில் கியோட்டோ செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் கிபுனேவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கவாதோகோவில் இடம் கிடைக்க முன்பதிவு அவசியம்; இரவு விருந்தைவிட மதியச் சாப்பாடு செலவு குறைவு. ஆனால் முதலில் கோயில் படியேறி வாருங்கள், பிறகு பந்தியில் அமருங்கள். யாருடைய விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்து சாப்பிடுவீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்